எழுதாமல் விட்ட பெயர்

கார்டில் ஒரு வியாழக்கிழமை கூடுதலாக இருந்தது.

காந்தா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் தெரியாது, ஆனால் எண்களைப் படிக்க அவளுக்கு யாருடைய தயவும் வேண்டாம். முதலில் தேதி, பக்கத்தில் எடை, அதற்கும் பக்கத்தில் சிஸ்டர் கேத்தரின் போடும் கோழிக் கிறுக்கல். கர்ப்பிணிகளுக்கு வியாழக்கிழமைதான் நாள்; இந்தப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு அவள் இதற்கு முன் வந்தது இரண்டே தடவை. ஆகஸ்டு பதினாலு, தொண்ணூற்று நாலு பவுண்டு. செப்டம்பர் பதினொன்று, தொண்ணூற்றேழு பவுண்டு. அதற்கு அடுத்த வரி இன்றைக்காகக் காலியாக இருக்கவேண்டும். இல்லை. அக்டோபர் இரண்டு என்று எழுதியிருந்தது. நூற்று நாலு பவுண்டு.

அக்டோபர் இரண்டு காந்தி ஜெயந்தி. ஊரே லீவு, ஆஸ்பத்திரிக்கும் லீவு. அன்றைக்குக் காந்தா அல்சூரில் தன் வீட்டு வாசற்படியை விட்டுக்கூட இறங்கவில்லை. புருஷனுக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டு, கோழி அடித்துக் குழம்பு வைத்து, சாயங்காலம்வரை தூங்கினாள். அப்படியிருக்க இங்கே வந்து தராசில் ஏறி நின்றது யார்?

"சார், இதுல ஒரு தேதி தப்பா கீது," என்றாள் ஜன்னலுக்குள் குனிந்து.

ஓஸ்வால்ட் கார்டு எழுதுகிற குமாஸ்தா. ஆகஸ்டில்தான் வேலைக்குச் சேர்ந்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் மணி நாலானால் கண் கடிகாரத்தை விட்டு நகராது. "சிஸ்டர் எழுதினதும்மா. உள்ளே போறப்போ அவங்களையே கேளு. உன் டோக்கன் பதினேழு, நீதான் கடைசி. புருஷன் வந்திருக்காரா?"

"கேட்டுக்கு வெளியே நிக்கறாங்க சார்."

"இன்னிக்கு எப்படியாவது அந்தப் பேரு வேணும். ஆறாம் மாசம் ஆச்சுன்னா புருஷன் பேரு இல்லாம பெட் எழுத முடியாது. அவரை உள்ளே விட ரூல் இல்லை. நீயே சிஸ்டர்கிட்ட சொல்லிடு, சரியா?"

காந்தா தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டாளே தவிர, சொல்லுவது எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை. தாலி கட்டினவன் பேரை வாய்விட்டுச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அவள் வீட்டில் பெண்களுக்குப் பாலோடு ஊட்டிய சங்கதி. கல்யாணமாகி ஏழு வருஷம். முனிராஜ் என்ற நாலெழுத்து அவள் நாக்கில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட விடுகதை போடுவாள்: "முன்னாடி ரிஷி, பின்னாடி நாடாளறவரு." கடைக்காரர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார்.

ஆஸ்பத்திரி என்று பேர்தான். எவனோ வெள்ளைக்காரன் குடியிருந்துவிட்டுக் கப்பலேறிப்போன பழைய பங்களா அது, அல்சூருக்கும் பிரேசர் டவுனுக்கும் நடுவே ஒரு சந்தில் மரங்களுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. உயரமான கூரை, பாசி பிடித்த ஓடு, வெயில் எட்டிப்பார்க்காத கூடம், கால் வைத்தால் முழங்கால்வரை குளிர் ஏறும் சிவப்புத் தரை. கூடத்தின் நீளத்துக்கும் ஒரே மரப் பெஞ்சு. அதில் கர்ப்பிணிகள் டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பினாயில் வாசனை, ஈரத் துணி வாசனை, யாரோ வைத்திருக்கும் கனகாம்பரத்துக்கு நடுவே இருந்த மருக்கொழுந்து வாசனை. உள்ளே தராசின் இரும்புத் தண்டு டக்கென்று விழும். பிறகு தகர டப்பாவில் டோக்கன் விழும். பிறகு அடுத்த பேர்.

காந்தா பெஞ்சின் கடைசியில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். கைப்பிடியில் அந்தப் பேர் இருந்தது. ஆணியாலோ கொண்டை ஊசியாலோ யாரோ கீறிய தமிழ் எழுத்து. சம்பூரணம்.

எல்லாம் அந்தப் பேரால் வந்த வினை.

முதல் பிள்ளை மூன்றாம் மாசத்தில் கலைந்தது. இரண்டாவது, போன வருஷம், ஐந்து மாசம் நின்று, கையும் காலுமாகப் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது தங்கியதும் முனிராஜின் அக்கா சரசு வந்து காதைக் கடித்தாள். சரசு வாயைத் திறந்தால் அந்த வீட்டில் அது வேதம். "பொறந்து பொறந்து செத்தா புள்ளைக்குக் குப்பை, பிச்சைன்னு பேரு வக்கறோமில்ல? பொறக்கறதுக்கு முன்னாடியே போனா யார் பேரை மாத்தறது? அம்மா பேரைத்தான். புள்ளையத் தூக்கிக்கினு போற அதுக்கு உன் பேரு தெரிஞ்சிபோச்சுடி காந்தா. ஆஸ்பத்திரில உன் பேரை எழுதவிடாதே. வேற ஏதாச்சும் சொல்லு."

வேறே என்ன சொல்வது என்று சரசு சொல்லவில்லை. ஆகஸ்டில் இதே பெஞ்சில் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு ஜன்னலுக்குப் போனபோது, "பேரு?" என்று ஓஸ்வால்ட் கேட்டதும் காந்தாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கைப்பிடியில் பார்த்துக்கொண்டிருந்த பேர்தான் வாயில் வந்தது. நிறைந்த பேர் என்றுகூட அப்போது ஒரு சந்தோஷம்.

ஓஸ்வால்ட் பெட்டியில் தேடி ஒரு பழைய கார்டை உருவினார். "சம்பூரணம், அல்சூர். உனக்குத்தான் கார்டு இருக்குதேம்மா! போன வருஷம் மூணு தடவை வந்திருக்கே. அப்புறம் ஏன் வரலை?"

அது வேறொருத்தி கார்டு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் பொய் வெளியே வரும். அதோடு, போன வருஷம் என்று கேட்டதுமே அவளுக்குப் போன பிள்ளை நினைவு வந்து கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்த ஓஸ்வால்ட் மேற்கொண்டு கேட்கவில்லை. பழைய மூன்று வரிகளுக்குக் கீழே சிவப்பு மசியில் ஒரு கோடு இழுத்து, "இதிலேயே எழுதிக்கலாம்" என்றார். புருஷன் பேர் எழுதும் இடம் அந்தக் கார்டில் காலியாக இருந்தது. அவளும் சொல்லவில்லை போலிருக்கிறது, யாரோ அந்தச் சம்பூரணம்.

இப்போது காந்தா மடியில் கார்டை வைத்துச் சிவப்புக் கோட்டுக்கு மேலே பார்த்தாள். சம்பூரணம் கடைசியாகத் தராசில் ஏறியது போன வருஷம் செப்டம்பர். எடை, நூற்று நாலு பவுண்டு.

கார்டைக் கவிழ்த்து வைத்தாள்.

வெளியே வானம் கறுத்து வந்தது. மூன்றரை மணிக்கே கூடத்தில் எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. கர்ப்பிணிகள் ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள், வந்தார்கள், கேட்டுக்கு வெளியே காத்திருந்த ஆளோடு போய்ச் சேர்ந்தார்கள். பதினாலு. பதினைந்து. பதினாறு. பெஞ்சு காலியாகக் காலியாக அதன் பலகை நீண்டுகொண்டே போவதுபோல் இருந்தது. கேட்டுக்கு வெளியே முனிராஜ் தூங்குமூஞ்சி மரத்தடியில் சைக்கிளோடு நிற்பான். ஃபேக்டரியில் அரை நாள் லீவு சொல்லி, குடையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். சும்மா நிற்கத் தெரியாது அவனுக்கு. நிமிஷத்துக்கொரு தடவை சைக்கிள் மணியை அடித்துப் பார்ப்பான்.

க்ளிங். க்ளிங்.

இடது விலாவுக்குக் கீழே பிள்ளை உதைத்தது. காந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. பத்து நாளாக இதே கூத்துதான். தினம் சாயங்காலம் தெருமுனையில் அந்த மணிச் சத்தம் கேட்டால் போதும், அப்பன் வந்துட்டானென்று உள்ளே ஒரு புரட்டல், ஒரு உதை. எப்போதும் அதே இடத்தில். "இரு கண்ணு, இன்னும் கொஞ்ச நேரம்," என்று வயிற்றைத் தடவிக்கொடுத்தாள். ஐந்தாம் மாசம் தாண்டிவிட்டது. இந்தப் பிள்ளை நிற்கும். நிற்கவேண்டும்.

"உன் வீட்டுக்காரரு வந்துட்டாரு போல."

காந்தா திடுக்கிட்டுத் திரும்பினாள். பெஞ்சின் மறுகோடியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அரக்குச் சேலை, முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டிருந்தாள், முகம் சுவர் பக்கம் இருந்தது. எப்போது வந்தாள் இவள்?

"ஆமாக்கா. எப்டி கண்டுபுடிச்சீங்க?"

"மணி கேட்டுச்சே."

"உங்களுக்கு எத்தினி மாசம்?"

"ஆறு."

"டோக்கன் எத்தினி?"

அவள் முந்தானையை இன்னும் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். உள்ளே எங்கோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. காந்தாவுக்கு மௌனம் பொறுக்காது, அதுவும் அந்த இருட்டில். "யார் கூட வந்தீங்க?" என்று கேட்டாள்.

"தனியாத்தான் வந்தேன்." மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "இட்டுக்கினு போவத்தான் ஆள் வரணும். ரொம்ப நேரமாச்சு." கொஞ்சம் பொறுத்து, "உன் வீட்டுக்காரரு பேரு இன்னா?" என்றாள்.

"அய்யய்ய, அத்த எப்டிக்கா சொல்றது?" காந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நானும் சொன்னதில்ல," என்றாள் அவள். "ஒரு தடவ கூட சொன்னதில்ல."

அந்தக் குரலில் இருந்த ஏக்கம் காந்தாவை என்னவோ செய்தது. பாவம், மனசு விட்டுப் பேச ஆளில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். பெண்ணுக்குப் பெண் இதில் என்ன என்று, ரேஷன் கடையில் சொல்வதையே சொன்னாள். "முன்னாடி ரிஷி, பின்னாடி நாடாளறவரு. கண்டுபுடிங்க பாக்கலாம்."

அவள் முணுமுணுவென்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். முன்னாடி ரிஷி. பின்னாடி நாடாளறவரு. முன்னாடி ரிஷி. பெஞ்சுக்கு அடியில் அவள் பாதம் தெரிந்தது. சேலை ஓரம் பிழிந்தால் சொட்டும்போல் நனைந்திருந்தது. வெளியே இன்னும் ஒரு பொட்டு மழை விழவில்லை.

"யார்கூட பேசறே பேட்டி?"

வாளியும் துணியுமாக ஆயா ஃபாத்திமா கூடத்துக்குள் வந்தாள். அங்கே வரும் பெண்கள் எல்லாரும் அவளுக்கு பேட்டி, மகள்தான். காந்தா மறுகோடியைக் காட்டத் திரும்பினாள். அங்கே யாருமில்லை. பலகையில் ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு ஈரம்.

"இப்பத்தானே... ஒரு அக்கா ஒக்காந்துக்கினு இருந்தாங்க."

ஃபாத்திமா ஈரத்தைப் பார்த்தாள், காந்தாவைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தைத் துடைத்தாள். "இது காயறதில்ல, பேட்டி. நான் ஒரு வருஷமா தொடைக்கறேன். போன வருஷம் இதே தசரா சமயம், நல்ல மழையில நனைஞ்சிக்கினு ஒரு பொண்ணு வந்தா. ஆறு மாசம். டோக்கன் வாங்கி இங்கதான் ஒக்காந்தா. சிஸ்டர் கூப்ட்டாங்க, கூப்ட்டாங்க, எந்திரிக்கல. தொட்டுப் பாத்தா உயிர் இல்ல. வயித்துல இருந்ததுக்கும்தான்."

"அப்பறம்?"

"அப்பறம் என்னா? சொல்லி அனுப்ப வீடு தெரியணுமே. புருஷன் பேரு இன்னான்னு கேட்டப்ப எல்லாம் தலையக் குனிஞ்சிக்கினே இருந்திருக்கா. அல்சூர்னு மட்டும் எழுதி கீது. அல்சூர்ல யாரப் போய் தேடறது? ரெண்டு நாள் வச்சிருந்தாங்க. யாரும் வரல. முனிசிபாலிட்டி வண்டிதான் வந்துது." ஃபாத்திமா துணியைப் பிழிந்தாள். "மனசு கேக்கல எனக்கு. தினம் பூட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் போவேன். இன்னும் யாரும் வரலியா தாயின்னு."

காந்தாவுக்குக் கேட்கவேண்டாம் என்று இருந்தது. கேட்டாள். "அவங்க பேரு?"

ஃபாத்திமா வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து சிஸ்டர் கேத்தரின் குரல் வந்தது.

"சம்பூரணம்! பதினேழு! சம்பூரணம்!"

ஃபாத்திமாவின் கையிலிருந்த துணி வாளிக்குள் விழுந்தது. "யா அல்லா," என்றாள் மெதுவாக. "உன் பேரா?"

"இல்ல," என்றாள் காந்தா. "இல்ல ஆயா, இல்ல." எழுந்தாள். சொல்லிவிட வேண்டும். இப்போதே சிஸ்டரிடம் சொல்லி, அந்தக் கார்டைக் கிழிக்கச் சொல்லிவிட வேண்டும். சரசுவின் சாமர்த்தியமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.

அவள் உள்ளே நுழையவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

சிஸ்டர் கேத்தரின் வயசானவள். ஒரு நாளைக்கு இருபது வயிற்றைத் தொட்டுப் பார்த்துப் பார்த்து, பொம்பளைகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் வழக்கமே விட்டுப்போனவள். "படும்மா, சீக்கிரம். மழை பிடிச்சிக்கிச்சு." மேஜைக்குப் பக்கத்தில் பச்சைத் துணி போட்ட தட்டி மறைப்பு. சேலையைத் தளர்த்திக்கொள்கிறவர்கள் அதற்குப் பின்னால் நின்று தளர்த்திக்கொள்வார்கள். ஓட்டின்மேல் மழைச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. ஒற்றை பல்பு மஞ்சளாகக் கண் சிமிட்டியது.

சிஸ்டர் புனல்போல் இருந்த மரக்குழலை எடுத்து அகன்ற வாயை வயிற்றில் பதித்து, மறுமுனையில் காதை வைத்தாள். காந்தா மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"நல்லா ஓடுது. குதிரை மாதிரி," என்றாள் சிஸ்டர்.

அப்பாடா! மாரியாத்தா, உனக்குப் பொங்கல் வைக்கிறேன். காந்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து, அந்த அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டினாள். "சிஸ்டர், நான் ஒரு பொய் சொல்லிட்டேன். என் பேரு சம்பூரணம் இல்ல. காந்தா. புள்ள தங்கணும்னு பேரை மாத்திச் சொன்னேன். அந்தக் கார்டு என்னுது இல்ல சிஸ்டர். என் பேர்ல வேற எழுதுங்க."

"ஏசுவே! படிச்சுப் படிச்சுச் சொல்றோம், கேக்கறீங்களா?" சிஸ்டர் அலுத்துக்கொண்டாள். ஆனாலும் எழுந்துபோய் ஒரு புதுக் கார்டை எடுத்தாள். பழைய கார்டு மேஜை ஓரத்தில் கிடந்தது. "காந்தா. ஆறாம் மாசம். குழந்தை நலம். சரி, புருஷன் பேரு?"

காந்தா தலையைக் குனிந்தாள்.

"இதுக்கும் தலை குனியணுமா? எழுதினாத்தான் இந்தக் கார்டு உன்னுதாகும். சொல்லும்மா."

சொல்லத்தான் வந்தாள். உதட்டுக்கு வந்துவிட்டது. முதலெழுத்துக்காக உதடு ஒட்டிக்கூட விட்டது. ஆயுசு குறையுமே என்று ஒரு பயம். ஒரு கணம். ஒரே ஒரு கணம் தயங்கினாள்.

தட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"முனிராஜ்."

பல்பு அணைந்தது.

"பாத்தியா, சொல்லிட்டே. வாயிலிருந்து முத்தா உதிர்ந்துபோச்சு?" சிஸ்டர் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கார்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதினாள். பேனா கீறும் சத்தம். "முனிராஜ். ஆச்சு."

"நான் சொல்லல சிஸ்டர்! நான் இல்ல! அங்க..."

சிஸ்டர் திரும்பவில்லை. புதுக் கார்டைத் தட்டிப் பக்கமாக நீட்டினாள். பச்சைத் துணியின் ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. ஊறி வெளுத்த விரல்கள். நகத்துக்கடியில் மரச்சிராய். அது கார்டை வாங்கிக்கொண்டது.

"எல்லாம் நல்லா இருக்கும்மா காந்தா," என்றாள் சிஸ்டர் அந்தப் பக்கம் பார்த்து. "அடுத்த மாசம் வா. படியில தண்ணி இருக்கும், பாத்து இறங்கு."

"சிஸ்டர்! நான்தான் காந்தா! இங்க பாருங்க சிஸ்டர்!"

சிஸ்டர் மேஜைக்கு வந்தாள். காந்தா படுத்திருந்த இடத்தில், அவள் மடிமேலேயே, விரிப்பைத் தட்டி மடிக்க ஆரம்பித்தாள். மரக்குழலை ஆணியில் மாட்டினாள். கை கழுவினாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே, மேஜை ஓரத்திலிருந்த பழைய கார்டை எடுத்து, யாருடையது என்பதுபோல் ஒரு முறை பார்த்து, பெட்டிக்குள் செருகினாள்.

காந்தா இறங்கி ஓடினாள். கூடம் இருண்டு கிடந்தது. வாசல் கதவு திறந்திருந்தது. ஆனால் ஓட ஓடத் தரை முடியவில்லை. பாதம் வழுக்கியது. நின்று பார்த்தாள். தன் சேலை ஓரத்திலிருந்துதான் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே, மழைக்குள், கேட்டைத் திறந்துகொண்டு ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். இன்றைக்குக் காந்தா கட்டிக்கொண்டு வந்த ஊதா சேலை. ஒரு கை இடுப்பில், ஒரு கை வயிற்றில். முனிராஜ் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு ஓடி வந்து அவள்மேல் குடையைப் பிடித்தான்.

"பாத்து வா காந்தா, தண்ணி நிக்குது. இன்னா சொன்னாங்க?"

அவள் ஏதோ சொன்னாள். முனிராஜின் முகம் மலர்ந்தது. அந்தச் சிரிப்பைக் காந்தா இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை.

காந்தா கத்தினாள். ஆயுசாவது, சாமியாவது. ஏழு வருஷம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் தொண்டை கிழியக் கத்தினாள்.

"முனிராஜ்! முனிராஜ்!"

அவன் நின்றான். திரும்பினான். நேராக அந்த ஜன்னலைப் பார்த்தான். காந்தா கம்பிக்குள் கையை விட்டு ஆட்டினாள்.

"யாரோ என்னக் கூப்ட்டா மாதிரி இருந்துச்சு," என்றான்.

"மழையில பின்னாடி கூப்ட்டா திரும்பக்கூடாதுங்க," என்றாள் அவள். "வாங்க, வீட்டுக்குப் போலாம். எவ்ளோ நேரமா நிக்கறது?"

அவன் அவளைச் சைக்கிளின் பின்னால் ஏற்றி உட்காரவைத்தான். குடையை அவள் கையில் கொடுத்தான். மிதிக்கும் முன் வழக்கம்போல் மணியை அடித்தான்.

க்ளிங். க்ளிங்.

காந்தா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். காத்திருந்தாள். ஒன்றும் அசையவில்லை. உள்ளே குளத்துக் கல்லைப்போல் ஒரு கனம், ஒரு சில்லிப்பு, அவ்வளவுதான். கேட்டுக்கு அப்பால் ஊதா சேலையின் இடது விலாவுக்குக் கீழே துணி துள்ளியது. அவள் அந்த இடத்தைத் தடவிக்கொடுத்தாள். குடை திரும்பியது. சந்து முனையில் மணிச் சத்தம் ஒரு தடவை கேட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

ஓஸ்வால்ட் ஜன்னலைச் சாத்திக்கொண்டு போனார். சிஸ்டர் குடையை விரித்துக்கொண்டு போனாள். காந்தா அவர்கள் எதிரில் நின்றாள். கையைப் பிடித்தாள். அழுதாள்.

போனார்கள்.

பெஞ்சுதான் இருந்தது. உட்கார்ந்தாள். பலகையில் ஈரம் அவளுக்குச் சரியான அகலத்தில் இருந்தது. விரல் தானாகப் போய்க் கைப்பிடியில் கீறியிருந்த எழுத்தைத் தடவியது.

சாவிக்கொத்துச் சத்தம். ஃபாத்திமா ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தாள். வாசல் கதவுக்குப் போனவள் நின்றாள். திரும்பி வந்தாள். பெஞ்சின் முன்னால் குனிந்து, காந்தாவின் முகம் இருந்த இடத்தை நேராகப் பார்த்தாள். அந்தக் கிழட்டுக் கண்களில் அவ்வளவு இரக்கம்.

"ஆயா," என்றாள் காந்தா. "ஆயா, நான் தெரியறனா?"

"இன்னும் யாரும் வரலியா, சம்பூரணம்?" என்றாள் ஃபாத்திமா. துணியால் பலகையைத் துடைத்தாள். துணி காந்தாவின் மடி வழியாகப் போய் வந்தது. "வருவாங்க தாயி. ஒக்காந்திரு."

கதவு சாத்திக்கொண்டது. வெளியே பூட்டு விழுந்தது.